பின்சக்கரத்துச் சத்தம்

இரும்புலியூரில் ரயில் பாதையை ஒட்டிய தகரக் கொட்டகையில் பழைய கார்களுக்குப் பின்பக்கத்துச் சஸ்பென்ஷன் கட்டித் தருகிறவன் சவுரிமுத்து. பழைய வண்டியில் பின்சக்கரம் இரண்டையும் ஒரே இரும்புத் தண்டு பிணைத்திருக்கும். ஒன்று பள்ளத்தில் விழுந்தால் மற்றதும் சேர்ந்து துள்ளும். அந்தத் தண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, சக்கரத்துக்கு ஒன்றாகத் தனித்தனி ஆர்ம், அதாவது இரும்புக் கை, செய்து வைப்பான். அப்புறம் அததன் பாட்டுக்கு ஏறி இறங்கும். இதற்கென்றே கேளம்பாக்கத்திலிருந்தெல்லாம் வண்டி வரும்.

முன்பெல்லாம் அங்கே இரண்டு பேர். வேலை முடிந்த வண்டியைச் சவுரிமுத்து ஓட்டிப் பார்க்க, கூட்டாளி தனசேகர் சீட்டுக்குப் பின்னால் சுருண்டு படுத்துச் சத்தம் கேட்பான். தன் மகள் கல்லூரியில் சேர்ந்ததும் தனசேகர், மாதச் சம்பளம் வேண்டுமென்று ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டான்.

"போனா போ மச்சான். எனக்கின்னா, ரெண்டு கை கீது" என்று அன்று சவுரிமுத்து வீறாப்பாகச் சொல்லிவிட்டான். சொன்ன வாயால் பிறகு எப்படிக் கூப்பிடுவது? வருஷம் ஒன்று ஓடிவிட்டது.

இப்போது கொட்டகையில் நிற்பது சேலையூர் தாமோதரன் சாருடைய ஃபியட். கூரையை அறுத்து இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காராக்கிய வண்டி. நாளைக்கு எடுத்துப்போக வருகிறார். அதற்குள் இந்தச் சனியன் பிடித்த சத்தம். வேகத்தடை ஏறினால் பின்னாலிருந்து 'கொறக்' என்கிறது. வலமா இடமா, பிடிபடவில்லை. முனகுகிற வண்டியைக் கொடுத்தனுப்பினால் அப்புறம் எவன் நம்பி வருவான், சொல்லுங்கள்.

இன்று விடிந்ததும் செல்போனில் ரெக்கார்டிங்கைத் தட்டி சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு, படப்பை ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். கொட்டகையில் உட்கார்ந்து போட்டுக் கேட்டான்.

கொறக். பிறகு ஒரு குரல்: "கேக்குதா மச்சான்? எந்தப் பக்கம்?" பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி கொஞ்ச நேரம் வெறும் காற்று. மறுபடி கொறக். "இப்போ?"

சவுரிமுத்துவின் சொந்தக் குரல்தான். பேசியதே அவனுக்குத் தெரியாது. வழி நெடுகப் பேசியிருக்கிறான்.

காது சுட்டது. பேச்சை வெட்டிவிட்டுச் சத்தத்தை மட்டும் அனுப்பலாமென்றால் வெட்டத் தெரியாது. போனைக் கவிழ்த்து வைத்தான், நிமிர்த்தினான். நாளைக்கு சார் வந்து நிற்பாரே. கண்ணை மூடிக்கொண்டு தனசேகருக்கு அப்படியே அனுப்பிவிட்டான்.

டீ நேரத்தில் குரல்பதிவாகப் பதில் வந்தது. பின்னால் இயந்திர இரைச்சல்.

"கேக்குது மச்சான். ஒரு பக்கம் இல்ல, ரெண்டு பக்கமுந்தான். சக்கரம் தொங்கச்சொல்லோ போல்ட்டை முறுக்கிட்ட. புதுசாடா நீ? யாரையாவது உக்காரவச்சு முறுக்கு. வேலைல கீறேன்."

வண்டி தரையில் நின்று, ஆள் கனத்தில் அமர்ந்திருக்கும்போதுதான் ஆர்மைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை இறுக்கவேண்டும். இல்லாவிட்டால் மூட்டுக்குள் இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு முனகும். சவுரிமுத்துவுக்குத் தெரியாததில்லை. உட்கார ஆள் இல்லை.

மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு போன கனகவல்லியை நிறுத்தினான்.

"கனகம், செத்த இதுல உக்காரு."

"இன்னாண்ணா, ஊர்கோலமா?"

"சும்மா, கனத்துக்கு."

"அடப்பாவி, என்னைக் கல்லு மூட்டை ஆக்கிட்டியே! மீன் நாத்தம் அடிக்கும், சார் உன்னைத்தான் ஏசுவாரு."

"கோணி போட்டுகீறேன், உக்காரு."

வண்டிக்கு அடியிலிருந்த வேலைக்குழிக்குள் இறங்கி, போல்ட்டுகளைத் தளர்த்தித் திரும்ப இறுக்கினான். மேலே அவள் ஓயாமல் பேசினாள். வஞ்சிரம் விற்கிற விலை, மருமகளின் வாய், முட்டிவலிக்குப் போட்ட ஊசி.

"ஆச்சாண்ணா?"

"இரு, இன்னும் ஒண்ணு கீது."

ஒன்றும் இல்லை. எல்லாம் இறுக்கியாயிற்று. ஸ்பானரைப் பிடித்தபடி குழிக்குள்ளேயே நின்று, ஊசி கதை முடிகிறவரை கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் போனபின் வண்டியை மறுபடி ரோட்டுக்கு எடுத்தான். வேகத்தடை மேல் ஏற்றி இறக்கினான். பூனை நடந்த மாதிரி இருந்தது. இந்த முறை வாயை இறுக மூடிக்கொண்டே ஓட்டினான். ரெக்கார்டிங்கில் காற்றும் டயரும் மட்டும். அதை தனசேகருக்கு அனுப்பிவிட்டு, ரோட்டோரம் நிறுத்திப் போனையே பார்த்திருந்தான்.

வெகுநேரம் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. இன்னும் ஏதாவது வருமா என்று கொஞ்சம் இருந்து பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பினான்.