மஞ்சள் ஷட்டர்

தீயில் போன சரக்கைப் பார்வையிட இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பியிருந்த குணாளன், கைப்பேசியில் அந்த வீடியோவை மறுபடி ஓடவிட்டான். புகை படிந்த தன் துணிக்கடைக்குள் நின்றுகொண்டு சபாபதி, “நம்ம தங்காக் டவுன்ல டெரரிஸ்ட் அட்டேக் லா! எல்லாரும் ஷேர் பண்ணுங்க!” என்று கத்திக்கொண்டிருந்தார். நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியும் பார்த்துவிட்டது.

புஷ்பவள்ளி பக்கத்தில் நின்ற கணவர் சபாபதியை ஒரு பார்வை பார்த்தாள். மனிதர் கருகிய சேலைக் கட்டுகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“யாராச்சும் வேணும்னே தீ வச்சா உங்க பாலிசி குடுக்கும்க்கா. பயங்கரவாதம்னா குடுக்காது. அதுக்குத் தனியா எடுத்திருக்கணும். உங்க வீட்டுக்காரரே வாயால சொல்லிட்டாரே.” குணாளன் வருத்தமாகத்தான் சொன்னான்.

தீபாவளிக்கு இறக்கிய சரக்கு அத்தனையும் போயிருந்தது. இந்தப் பணம் வராவிட்டால் கடையே இல்லை. ஆனால் மூன்று நாளாகப் பாலிசியை வரிவரியாகப் படித்தவள் அவள்.

“பன்னெண்டாம் பக்கம் எடுங்க தம்பி. அரசியலுக்காக, மதத்துக்காக, கொள்கைக்காக செஞ்சாதான் பயங்கரவாதம்னு போட்டிருக்கு. பின் ஜன்னல்ல பெட்ரோல் பாட்டில் எறிஞ்சவனுக்கு என்ன கொள்கை? மேல்மாடில இருந்தவன், கந்துவட்டிக்கு விடுற ஆலோங்கிட்ட கடன் வாங்கிட்டு ஓடிட்டான். அவனத் தேடி வந்தவனுங்க வேலை இது. இவருக்கு வாய் நீளம், அவ்ளோதான்.”

“ஆதாரம் வேணும்க்கா.”

“ஒரு வாரம் முன்னாடியே அவன் பேரும் மாடி நம்பரும் ஷட்டர்ல செவப்பு பெயிண்ட்ல எழுதிட்டுப் போனானுங்க.”

மூவரும் வெளியே வந்தார்கள். அவள் ஷட்டரை இழுத்து இறக்கினாள். பளிச்சென்று மஞ்சள்.

“அலமாக்! அன்னிக்கே நீ பெயிண்ட் அடிச்சிட்டியே!” என்றார் சபாபதி.

அவளேதான் அடித்தாள். பண்டிகைக்குத் துணியெடுக்க வருகிறவர்கள் கண்ணில் அந்த அசிங்கம் படக்கூடாது என்று, போலீசுக்கும் போகாமல், ஒரு படம்கூட எடுக்காமல், விடியற்காலையில் மஞ்சள் பூசிவிட்டாள். இப்போது தன் மேலேயே எரிச்சல் வந்தது. அதுவும் ஒரு நிமிடத்துக்குத்தான். பர்சிலிருந்து ஐம்பது சென் காசை எடுத்தாள்.

“மலிவுப் பெயிண்ட் தம்பி. ஒரு பூச்சுதான். நிக்காது.”

காசு பட்ட இடத்தில் மஞ்சள் செதில்செதிலாக உதிர்ந்து அவள் காலடியில் விழுந்தது. எதிர்க்கடை வாசலில் கூட்டம் சேர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சபாபதி சட்டைப்பையைத் துழாவி இன்னொரு காசோடு மறுகோடியில் உட்கார்ந்தார்.

விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. குணாளன் வீடியோவை மூடிவிட்டுக் கேமராவைத் திறந்தான்.

“மெதுவாக்கா,” என்றான். “எழுத்து போயிடாம.”