ஜோடி சேர்ந்த டிஸ்க்

வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இரண்டாவது காபி கேட்கக்கூட ஆயிரம் யோசனை. மாமனாரின் போட்டோ ஸ்டுடியோவில் நம்ம மாப்பிள்ளைக்கு ஒரு சுழல் நாற்காலியும், 'கம்ப்யூட்டர் பார்க்கிறார்' என்ற பெயரும் இருந்தன. படம் எடுப்பதெல்லாம் மனைவி. அந்த வீட்டில் அவருக்குக் கிடைக்காத ஒரே பொருள் மரியாதைதான்.

அதற்கும் ஒரு வழி பிறந்தது. பின்னறையில் இருந்த லினக்ஸ் சர்வரின் டிஸ்க் திடீரென்று கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. ஸ்டுடியோ எடுத்த கல்யாணங்கள் அத்தனையும் அந்த ஒற்றை டிஸ்கில்தான். அது மண்டையைப் போட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"கவலைய விடுங்க மாமா. இன்னொரு டிஸ்க் வாங்கி ரெண்டையும் ஜோடி சேத்துடுறேன். ஒண்ணுல என்ன எழுதினாலும் மத்ததுலயும் அப்படியே எழுதும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும்."

மாமனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

புது டிஸ்க் வந்த அன்று குடும்பமே பின்னறையில் கூடிவிட்டது. மச்சான் வேறு தன் கூட்டாளிகளைக் கூட்டி வந்திருந்தான். முறைப்படி செய்வதென்றால் முதலில் புது டிஸ்க்கை மட்டும் வைத்து, ஜோடியில் ஓர் இடத்தைக் காலியாக விட வேண்டும். படங்களையெல்லாம் அதில் நகலெடுத்துச் சரிபார்த்த பிறகுதான் பழையதைச் சேர்க்க வேண்டும். அதைக் காலையில்தான் படித்திருந்தார், பாவி மனுஷன்!

"எவ்வளவு நேரம் ஆகும் மாப்பிள்ளை?"

"இதோ, அஞ்சே நிமிஷம் மாமா" என்று வாய் முந்திக்கொண்டது. நகலெடுக்கவே அரை நாள் ஆகும். இத்தனை பேரையும் அரை நாள் நிற்க வைத்தால் பட்டமா கொடுப்பார்கள்? புதியது முதலில், பழையது இரண்டாவது என்று இரண்டையும் ஒரே கட்டளையில் கொடுத்தார். இரண்டாவது டிஸ்கில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, தொடரலாமா என்று கேட்டு சர்வர் நின்றது.

"என்னவோ கேக்குதே மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

"சும்மா ஒரு மரியாதைக்குக் கேக்குது அத்தை."

சரி என்று தட்டினார். கையோடு ஜோடியை ஃபார்மேட்டும் செய்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ஆசையாகத் திறந்து பார்த்தார். ஒரு படம்கூட இல்லை. புது டிஸ்க்கின் வெறுமையைப் பழையதில் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தது சர்வர். இரண்டும் நலம் என்று திரையில் வேறு போட்டிருந்தது. பொய்யில்லை. இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி காலியாக இருந்தன.

வெளியே மாமனார் வாடிக்கையாளர் ஒருவரிடம், "எங்க மாப்பிள்ளை இருக்கறவரைக்கும் எதுவும் அழியாதுங்க" என்று மார்தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே மாப்பிள்ளை பின்னறைக் கதவை மெல்லச் சாத்தினார். ஆசைப்பட்ட மரியாதை வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையே!

மனைவி உள்ளே வந்தாள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்தவில்லை.

"இந்த சீசன் படமெல்லாம் கேமரா கார்டுலயே இருக்கு. நீங்க ஜோடி சேக்கப் போறேன்னதுமே ஒரு கார்டையும் அழிக்கக் கூடாதுன்னு எடுத்து வெச்சுட்டேன்."

"பழசு?"

"அதெல்லாம் அவங்கவங்க வீட்டுக்குக் குடுத்தாச்சு. கேட்டா காப்பி தருவாங்க."

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ எதுவுமே போகல!"

"நம்ம கல்யாணம் போச்சு."

ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் ஆல்பம் போட்டவர்கள், வீட்டு வேலைதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தங்களுடையதை அந்த டிஸ்கிலேயே விட்டிருந்தார்கள். அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அழுகை வந்தது.

மாமனார் தலையை நீட்டினார். "என்னம்மா, எல்லாம் பத்திரமா இருக்கா?"

"பத்திரமா இருக்குப்பா."

அவர் போனதும் கணவனிடம் மெல்லச் சொன்னாள். "போட்டோ வேணும்னா இன்னொரு தடவ கல்யாணம் பண்ணித்தாங்க எடுக்கணும். மாப்பிள்ளைய மட்டும் மாத்தலாமான்னு யோசிக்கிறேன்."