நீர்வளையத்தில் அழைக்கப்படாத பெயர்

கீழைக் குன்றுகளின் முதுகைத் தாண்டி வர இளங்கதிர் இன்னும் தயங்கி நிற்க, பெருங்கடல் நடுவே கிடக்கும் ஓவாகு தீவின் மேலைக்கரையாகிய மாக்ககாவில் கடல் மட்டும் இரவெல்லாம் விழித்திருந்து, வெண்ணுரை சிதறி முழங்கிக்கொண்டிருந்தது. வடபுலத்தே எங்கோ பிறந்த புயல் அனுப்பிய பேரலைகள், பவழப்பாறையின்மேல் ஏறி நிமிர்ந்து, ஒரு நொடி அசையாது நின்று, பின் பேரொலியோடு மடிந்து, மணலில் நின்றோரின் உள்ளங்கால்வரை அதிர்வைக் கொணர்ந்தன. அலையேறும் குடியினர், கடலில் மாண்ட தம்மவரை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாள் அது. பலகைமேல் நெஞ்சு கிடத்திக் கைகளால் நீரைத் துழாவி, அலை முறியும் இடத்துக்கு அப்பால் சென்று, வளையமாய் அமர்ந்து கைகோத்து, தலைவர் ஒவ்வொரு பெயராய் அழைக்க, அழைக்கும்தோறும் நீரை அறைந்து ஆர்ப்பரித்துப் பூவிடுவது அவர்தம் வழக்கம்.

கௌலானா என்னும் இளநங்கை மணலில் அமர்ந்து, அலரிமாலையின் நாரிலிருந்து பூக்களை ஒவ்வொன்றாய் உருவிக்கொண்டிருந்தாள். நாரோடு இட்டால் ஆமைகள் விழுங்கி மாளுமென்று அவளுக்குச் சொன்னவன் அவள் அண்ணன் மகோவா. இன்று அப்பூக்கள் அவனுக்கே உரியவை. அருகில் அவள் சிற்றன்னை மகள் கேலா, சோற்றுக்கட்டியொன்றை வாய்நிறைய அடைத்துக்கொண்டு கடலைக் கண்ணால் அளந்தாள்.

"அடியே, அலையப் பாத்தியா? வீடு ஒசரத்துக்கு வருது. உங்கண்ணன் இருந்திருந்தா பல்லுகூட வெளக்காம உள்ள குதிச்சிருப்பான்."

"அவன் என்னைக்குடி பல்லு வெளக்கினான்?" என்று நகைத்த கௌலானாவின் நகைப்பு பாதியிலேயே நின்றது.

மகோவா கடலில் மாண்டவனல்லன். இதே பாறையில் மோதி முதுகொடிந்து, வலிக்கென மருத்துவர் தந்த மாத்திரைகளை உண்டு, வலி நீங்கியபின்னும் அவற்றை விட மாட்டாதவனாய்த் தேய்ந்து, கடைத்தெருவின் பின்புறத்தே ஒரு வண்டிக்குள் விறைத்துக் கிடந்தவன். வளையத்தில் அவன் பெயரை ஒருவரும் அழைத்ததில்லை. இவ்வாண்டு அழைக்கச் செய்வதென்று உறுதி பூண்டவளாய், அவள் எழுந்து தலைவராகிய கேயலோகாவிடம் சென்றாள்.

"மாமா, இந்த வருசமாச்சும் மகோவா பேரச் சொல்லுங்க."

பருத்த உடலும் நரைத்த பின்னலும் கொண்ட அவர், பலகைக்கு மெழுகு தேய்ப்பதை நிறுத்தவில்லை. "கடல் எடுத்தவங்க பேர மட்டுந்தான் பொண்ணு அங்க சொல்றது."

"அவன் முதுக ஒடச்சது இந்தப் பாறதானே? அப்ப அவன எடுத்தது யாரு?"

"எம்மவன் நைனோவாவும் அதே பாழாப்போன மாத்திரையிலதான் போனான். பெத்த நானே அவன் பேரச் சொன்னதில்ல. உங்கண்ணனுக்கு மட்டும் எந்த வாயால சொல்லுவேன்?"

தன் நெஞ்சையே அறுத்து இயற்றிய சட்டத்தோடு யார் வழக்காடுவது? அவள் மணலில் திரும்பி நடந்தாள்.

"அவர் சொல்லலேன்னா நானே கத்துறேன்," என்றாள் கேலாவிடம்.

"கத்துவ. ஒருத்தனும் தண்ணிய அடிக்கலேன்னா? அந்தப் பேரு அங்கயே அநாதையா நிக்கும்டி. அது இதவிடக் கொடும."

அச்சொல் அவளைச் சுட்டது. ஆயினும் அவள் பலகையை எடுத்தாள். ஏனையோர் அலையிடை வழி கண்டு முன்னேற, அவளை மட்டும் ஒரு பேரலை புரட்டி அடியில் அழுத்தி, மூச்சு முட்டியபின் கரைநோக்கி எறிந்தது. மீண்டும் சென்றாள், மீண்டும் எறியப்பட்டாள். மடியில் முடிந்திருந்த பூக்களில் பாதி போயின. தோள்கள் கடுக்க, கண்கள் எரிய, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை நீரைப் பிளந்து, முறியும் அலைக்கு அப்பால் அவள் தலை நீட்டியபோது, வளையம் கூடியிருந்தது. எஞ்சிய இடம் ஒன்றே: தலைவரின் இடப்பக்கம்.

அவர் கையைப் பற்றி அமர்ந்தாள். பெயர்கள் எழுந்தன, நீர் அறைபட்டுத் தெறித்தது, பூக்கள் மிதந்தன. இறுதிப் பெயரும் முடிந்தது. அப்போதுதான், பிறர் எவரும் அருகிருந்து காணாத ஒன்றை அவள் கண்டாள். முதியவரின் கை அவள் விரல்கள் நோகுமாறு இறுகியது. அவர் உதடுகள் ஒலியின்றி அசைந்து, ஒரு பெயரை உருவாக்கி, விழுங்கிவிட்டன. ஆண்டுதோறும் அவர் அவ்வாறே விழுங்கியிருக்கிறார் என்பது அவளுக்கு விளங்கிற்று.

அண்ணனின் பெயரை நாவில் சுமந்து வந்த அவள், அதை விடுத்து வேறொன்றை அழைத்தாள்.

"நைனோவா!"

வளையம் உறைந்தது. ஒரு கையும் எழவில்லை. கேயலோகா அவள்பால் திரும்பினார். அவர் கண்களில் முதலில் எழுந்தது கடுஞ்சினம். அவள் அஞ்சினாள்; எனினும் பற்றிய கையை விடவில்லை. ஓரலை அனைவரையும் மெல்லத் தூக்கி இறக்கிச் சென்றது. பின் அப்பெரியவர் வலக்கையை விடுவித்து ஓங்கி நீரை அறைந்தார்; மீண்டும் அறைந்தார்; அழுதுகொண்டே அறைந்தார். வளையம் முழுதும் அவரோடு சேர்ந்து அறைந்தது.

"கத்துறதப் பாரு, அப்படியே உங்கண்ணன்தான்," என்றார், முகத்தைத் துடைத்தவாறு. பிறகு நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, அலையோசைக்கு மேலாய்த் தாமே அழைத்தார்:

"மகோவா!"

எஞ்சிய பூக்களை அவள் நீரில் இட்டாள். வளையம் கலையுமென அவள் நினைத்திருக்க, எதிர்ப்புறத்தே ஒரு தாய், இதுகாறும் எவரும் கேளாத ஒரு பெயரை அழைத்தாள். அவளுக்கப்பால் ஓர் இளைஞன் தன் தோழனை அழைத்தான். படிப்போரே, வீட்டில் மாண்டோரும், தெருவில் மாண்டோரும், தம்மைத் தாமே முடித்துக்கொண்டோரும் ஒருவர்பின் ஒருவராய் அந்நீருக்கு வந்து சேர்ந்தனர். ஒருவர்க்கும் கையோசை குறையவில்லை. காலையிலேயே கலையும் அவ்வளையம் அன்று கலைவதற்குள் கதிர் உச்சிக்கு வந்துவிட்டது.