பதினோரு நிமிடக் குரல்

படம் வெளியான மூன்றாவது நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, இதில் ஏதோ உள்குத்து இருக்கிறதென்று. ஒரு படம் பத்துப் பேருக்குப் பிடிக்கும், பத்துப் பேருக்குப் பிடிக்காது, அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பேய்ப்படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்த்தவர்கள் இரண்டு வேறு படங்களைப் பார்த்த மாதிரிப் பேசினார்கள். ஒரு கட்சி, குளியலறைக்குத் தனியாகப் போக முடியவில்லை என்று எழுதியது. இன்னொரு கட்சி, முதல் பாகத்தை எடுத்த ஆட்கள் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று கேட்டது. சுமார் என்று சொல்ல ஒரு ஜீவன்கூட இல்லை. திட்டுகிற கருத்துகளை முதல் வரிக்கு மேல் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதனால் எதற்காகத் திட்டுகிறார்கள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அந்தப் படத்துக்கு ஒலி சேர்த்தவன் நான். இயக்கியவன் என் மனைவியின் தம்பி. முதல் பாகத்தில் எங்கள் பேய் வாயைத் திறக்காது. இரண்டாம் பாகத்தில் அதைப் பேச வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். மொத்தம் பதினோரு நிமிடம் அது முனகும், மூச்சு விடும், கதாநாயகியின் பெயரைச் சொல்லும். அதுவும் திரையிலிருந்து இல்லை. முன்பக்க ஸ்பீக்கர்கள் எல்லாம் ஊமையாகிவிடும், பார்ப்பவர்களின் முதுகுக்குப் பின்னால், பின்சுவர் ஸ்பீக்கரிலிருந்து மட்டும் குரல் வரும். அந்தக் குரல் என்னுடையது. இரண்டு வாரம் அறையைப் பூட்டிக்கொண்டு தொண்டையைக் கிழித்துக்கொண்டு பதிவு செய்தேன். இருபது வருட வேலையில் இதற்கு ஈடாக நான் எதையும் செய்ததில்லை என்று மனதார நம்பினேன்.

மைத்துனனுக்கு ஆரம்பத்திலிருந்தே அது பிடிக்கவில்லை. பேய் சும்மா இருந்தால்தான் பயம் என்பான். கடைசியில், அக்கா புருஷனாயிற்றே என்று விட்டுக்கொடுத்தான். "முதல் வாரம் ஒரே ஒரு தியேட்டர்ல, ரெண்டு அரங்குல ஓட்டிப் பாப்போம் மாமா. ஜனங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு, வெள்ளிக்கிழமை மத்த ஊருக்குப் போற காப்பியில குரல் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம்" என்றான். மூன்றாவது நாளான ஞாயிற்றுக்கிழமையன்று, அந்த வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. என் குரலின் ஆயுள் அவ்வளவுதானா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பையன்கள் எங்கள் படத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். "அது கடைசி வரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசலையேடா" என்றான் ஒருவன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மற்றவன் என்ன சொன்னான் என்று கேட்கப் பொறுமையில்லாமல் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். பதினோரு நிமிடம் பேசுகிற பேயை ஒருவன் பேசவில்லை என்கிறான் என்றால், அவன் பார்த்த காப்பியில் குரல் இல்லை. குரலில்லாத காப்பி தானாக முளைக்காது. அதைச் செய்யக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவன்தான், அவன் அன்று மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட வருவதாக இருந்தான்.

சாப்பாட்டு மேசையில் அவன் முதல் கவளத்தை எடுக்கும்போதே கேட்டுவிட்டேன். "தியேட்டருக்கு ரெண்டு காப்பி அனுப்பினியா?"

"எந்த ரெண்டு, மாமா?"

"குரலோட ஒண்ணு. குரல் இல்லாம ஒண்ணு. பேயே இல்லாம பேய்ப்படம் பாத்தவன் திட்டாம என்ன பண்ணுவான்? அப்புறம் படம் ஊத்திக்கிச்சு, எல்லாம் மாமாவோட சத்தத்தாலன்னு சொல்லிடலாம், இல்ல?"

"ஒரே காப்பிதான் மாமா. ரெண்டு அரங்குக்கும் அதேதான்."

"எனக்குக் காதுல பூ சுத்தாதே."

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்த ஊர்ல, படம் எடுத்தவனே தன் படத்தைக் கெடுப்பான்? கொஞ்சமாவது யோசிச்சுப் பேசுங்க."

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. சந்தேகம் வந்துவிட்டால் எனக்குப் பதிலுக்குப் பஞ்சமே இருக்காது. தான் சொன்னதுதான் சரி என்று காட்ட ஒரு வாரப் படத்தைப் பலி கொடுக்கத் தயங்காதவன் உன் தம்பி, சின்ன வயதிலேயே விளையாட்டில் தோற்றால் பலகையைக் கவிழ்த்துவிடுவான் என்று நீதானே சொன்னாய், முதுகில் குத்துவது அவனுக்குப் புதிதில்லை என்றேன். மைத்துனன் தட்டைத் தள்ளி வைத்தான். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மனைவி அவன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. அவள் பேசாததையும் நான் ஒரு சாட்சியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு கீழ் அரங்கில் போய் உட்கார்ந்தேன். கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்றுதான் போனேன். கதாநாயகி லிஃப்டுக்குள் நுழைந்தாள், முன்னால் எல்லாச் சத்தமும் நின்றது, முதுகுக்குப் பின்னால் என் முனகல் கிளம்பியது. கச்சிதமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு என் குரலை நானே மெய்மறந்து கேட்டேன். இரண்டு இருக்கை தள்ளி, கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அடுத்த முனகலுக்கு அந்த வரிசையே சிரித்தது. ஆள் வைத்துச் சிரிக்க வைக்கிறார்கள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. செல்போனை எடுத்து அவருடைய பின்மண்டையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

மதியக் காட்சிக்கு மேல் அரங்கு. அதே லிஃப்ட், அதே கதாநாயகி, முன்னால் சத்தம் நின்றது. பின்னால் ஒன்றுமில்லை. நடைபாதைக் காட்சியில் என் மூச்சு வர வேண்டும், அதுவும் வரவில்லை. காது சூடேறியது. பாதிப் படத்தில் எழுந்து, இருட்டில் யார் யார் காலையோ மிதித்துக்கொண்டு, படம் ஓட்டுகிற அறைக்குப் போனேன். ஆப்பரேட்டர் ஸ்டூலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தக் காப்பியை யார் குடுத்தது?"

"எல்லாம் ஒரே காப்பிதான் சார். கீழ ஓடறதும் இதுதான்."

"அப்ப பின்னாடி ஸ்பீக்கர்ல குரல் எங்க?"

"அதுவா? அதை நான்தான் அணைச்சு வச்சிருக்கேன்" என்றார், நல்ல காரியம் செய்தவர் மாதிரி. "முதல் நாள், முதல் காட்சி. முன்னால எல்லாம் கப்சிப்னு இருக்கு, பின்னால மட்டும் கரகரன்னு யாரோ சளி பிடிச்சு இருமற மாதிரி கேக்குது. எந்தப் படத்துலயாவது முன்னாடி சுத்தமா அமைதியா இருந்து, பின்னாடி மட்டும் சத்தம் வருமா? ஸ்பீக்கர் போயிடுச்சுன்னு நெனச்சேன். போன வருஷமும் இப்படித்தான் ஆச்சு. ரிப்பேர்காரர் புதன்கிழமை வர்றேன்னிருக்கார்."

"அதுதாங்க பேய்" என்றேன்.

"எது?"

"அந்த இருமல்."

அவர் நகவெட்டியை மூடிச் சட்டைப் பையில் போட்டார். "கீழ் அரங்குல ஓட்டறவர் அப்படியே விட்டுட்டாரே" என்றேன். "அவருக்கு வலது காது அவ்வளவாக் கேக்காது சார்" என்றார்.

முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. மைத்துனன் சொன்னது அத்தனையும் உண்மை, ஒரே காப்பிதான். சாப்பிட வந்தவனைப் பாதியில் எழுப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் அந்த வெட்கம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பேய் இல்லாத அரங்கு எது என்று இப்போது தெரிந்துவிட்டது, திட்டுகிறவர்கள் எல்லாம் இங்கே பார்த்தவர்கள்தான். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டால் ஊரே என் பக்கம். தலைகால் புரியாத சந்தோஷத்தில் படியிறங்கினேன். இதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்று தோன்றியது. படிக்குக் கீழே, இரண்டு அரங்குக்கும் டிக்கெட் கிழிக்கிற அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, படம் முடிஞ்சு திட்டிக்கிட்டே போறாங்களே, அவங்கல்லாம் மேலருந்து வர்றவங்கதானே?"

"இல்லீங்களே" என்றார் அவர். "மேலருந்து வர்றவங்க வாயே திறக்க மாட்டாங்க. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டுப் படியிறங்குவாங்க. நேத்து ஒரு பொண்ணு, கார் வரைக்கும் கூட வாங்க ஆன்ட்டின்னு என்னைக் கூட்டிட்டுப் போச்சு. கீழருந்து வர்றவங்கதான் சிரிச்சுக்கிட்டும் திட்டிக்கிட்டும் போறாங்க. அந்த மாதிரி செஞ்சு காட்டிக்கிட்டே போறாங்க."

"எந்த மாதிரி?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு முனகிக் காட்டினார். லிஃப்ட் காட்சி. இரண்டு வாரம் பூட்டிய அறையில் நான் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கண்டுபிடித்த ஏற்ற இறக்கம் அத்தனையும் அதில் இருந்தது. முடித்துவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "யாரோ பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுப் பேசியிருக்காங்க" என்றார்.

இந்த அம்மாவிடமும் யாராவது பேசி வைத்திருப்பார்களோ என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததை மறைத்துப் பயனில்லை, என் புத்தி அப்படித்தான். அதனால் மறுபடி படியேறினேன். மேல் அரங்கில் இவ்வளவு நேரம் என் குரலைத்தான் தேடிக்கொண்டிருந்தேனே தவிர, உட்கார்ந்திருந்த மனிதர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. கதவைச் சத்தமில்லாமல் திறந்து, பின்சுவரை ஒட்டி நின்றேன்.

படத்தில் கடைசி அரை மணி நேரம் மீதியிருந்தது. கதாநாயகி நீண்ட நடைபாதையில் நடந்துவந்து நின்று, மெதுவாக எங்கள் பக்கம் பார்த்தாள். அந்த இடத்தில் நான் அவள் பெயரைச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், எதையோ பார்த்துவிட்டவளாக. பாப்கார்ன் மெல்லுகிற சத்தம்கூட நின்றுபோயிற்று. ஒரு தலை பின்னால் திரும்பியது. அப்புறம் இன்னொன்று. கடைசி வரிசையில் ஒரு பெண் திரும்பி, சுவரோரம் நின்ற என்னைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று நானும் திரும்பினேன். சுவரும் அணைத்து வைத்த ஸ்பீக்கரும்தான் இருந்தன. படத்தின் ஒவ்வொரு நொடியும் மனப்பாடமான எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் அதில் இல்லாததால்தான் அது அவ்வளவு நன்றாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது.

வெளியே ஆப்பரேட்டர் காத்துக்கொண்டிருந்தார். "போட்டு விட்டுடட்டுமா சார்? அடுத்த காட்சியிலருந்து சரியாயிடும்."

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

மைத்துனனுக்குப் போன் செய்தேன். இரண்டு தடவை அடித்து நின்று, மூன்றாவது தடவை எடுத்தான்.

"சொல்லுங்க."

"தியேட்டர்லதான் இருக்கேன். ஒரே காப்பிதான். மேல் அரங்குல ஆப்பரேட்டரே ஸ்பீக்கரை அணைச்சு வச்சிருக்கார். உன்மேல தப்பு இல்ல. நான் பேசினதுதான் தப்பு."

"சரி."

"இன்னொண்ணு. வெள்ளிக்கிழமை போற காப்பியில குரல் வேண்டாம். எடுத்துடு. அது இல்லாமதான் ஜனங்க பயப்படறாங்க. என் கண்ணால பாத்தேன்."

லைனில் இருக்கிறானா என்று செல்போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"இதுல என்ன உள்குத்து இருக்குன்னு எனக்குப் புரியலை" என்றான் கடைசியில். "நேத்து நான் முதுகுல குத்தறவன். இன்னிக்குக் குரலை எடுக்கச் சொல்றீங்க. நான் எடுத்து, நாளைக்கு நாலு பேர் குரல் எங்கேன்னு கேட்டா, உன் தம்பிதான் தூக்கினான்னு அக்காகிட்ட சொல்வீங்க. என்னால முடியாது. நீங்கதான் எடுக்கச் சொன்னீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அப்புறம் எடுக்கறேன்."

என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்க வாய்வரை வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது. "அனுப்பறேன்" என்றேன்.

ஆப்பரேட்டரிடம் ஒரு தாளும் பேனாவும் வாங்கி, சுவரில் வைத்து எழுதினேன். பதினோரு நிமிடக் குரலையும் முழுவதும் எடுத்துவிட வேண்டும், இது என் முடிவு, இதில் வேறு யாருக்கும் பொறுப்பில்லை. கீழே பழக்கதோஷத்தில் "உன் மாமா" என்று எழுதப் போனவன் நிறுத்தினேன். போனில் பேசிய அத்தனை நேரத்தில் அவன் ஒரு தடவைகூட என்னை மாமா என்று கூப்பிடவில்லை. என் முழுப் பெயரைப் போட்டு, தேதி எழுதி, தாளைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினேன்.