மஞ்சள் எழுத்தில் மீனம்மாவின் பெயர்

2004இல் ஹட்டனில் ஒரு தொண்டு நிறுவனம், தோட்டங்களில் கண் மங்கியவர்களைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்புவதாக அறிவித்தது. பன்னிரண்டு பேருக்கு இடம். தெரிவானவர்களின் பட்டியல் சிலைடில் மட்டும் காட்டப்படும்.

சிலைடுகளைச் செய்தவன் நான். இரவில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பகலில் தூக்கம் வராததால் கம்பியூட்டர் வேலை. வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வேண்டும் என்றார் அதிகாரி ஜெயதீபன். மஞ்சள் நம்பிக்கையின் நிறமாம். நான் எச்சரித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கேட்டதைச் செய்தேன்.

மண்டபத்தின் முன்வரிசையில் மீனம்மா இருந்தாள். இரண்டு கண்ணிலும் வெண்புரை. முற்றல் இலையையும் சேர்த்துப் பறிக்கிறாள் என்று கங்காணி செல்லசாமி அவளைக் கொழுந்து மலையிலிருந்து நிறுத்தி மூன்று வாரம். இன்று ஆஸ்பத்திரி பஸ் ஏறினால்தான் மறுபடி கூடை.

பட்டியல் சுவரில் விழுந்தது. ஜெயதீபன் பெயர்களை வாசிக்காமல் நின்றார்.

"பேரக் கொஞ்சம் வாசிங்க சார்," என்றாள் மீனம்மா.

"சிலைடை வாசிக்கப்படாது அம்மா. கொழும்பில பயிற்சியில சொன்னவை. வாசிச்சா உங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டு நாங்கள் நினைக்கிற மாதிரி. அது மரியாதை இல்லை."

"எனக்குக் கண்ணு தெரியாதுங்களே."

"அதுக்குத்தானே எழுத்தைப் பெருசாக்கி இருக்கு."

"சொவத்துக்கு நல்லா வெள்ளையடிச்சிருக்காங்க சார்!" என்றார் பின்னால் இருந்த ஆண்டியப்பன். அவருக்கும் வெண்புரை. என் கண்ணில் குறை இல்லை. எனக்கும் வெறும் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது.

சிலைட் எல்லோருக்கும் விளங்கியது என்று நிதி தந்தவர்களுக்குக் காட்ட வேண்டும். எனவே தன் பெயரைத் தானே தொட்டுக் காட்டுபவருக்கே பஸ் என்றார் ஜெயதீபன். ஆண்டியப்பன் போய் சுவிட்சைத் தொட்டார். விளக்கு எரிந்து, தெரியாத மஞ்சளும் போயிற்று. அணைத்துவிட்டு அடுத்தவரை அழைத்தார்கள். அவர் ஜெயதீபனின் வயிற்றைத் தொட்டார்.

மீனம்மா என் பக்கம் குனிந்தாள். "தம்பி, என் பேரு இருக்கா?"

சிலைடைச் செய்தவனுக்கு வரிசை மனப்பாடம்.

"ஒன்பதாவது. நேரா அஞ்சு எட்டு வையிங்க. சொவத்துல ஒரு ஆணி தட்டும். அதுக்கு ஒரு சாண் கீழ."

அவள் நடந்தாள். ஆணியைத் தடவினாள். சாண் அளந்து விரலை வைத்தாள்.

ஜெயதீபன் கைதட்டினார். "பாத்தீங்களோ! விளங்குது!" உடனே படிவத்தில் எழுதினார்: தானாக வாசித்தார், பார்வை திருப்தி. முத்திரையும் குத்தினார்.

பஸ் வாசலில் தாதி அந்தப் படிவத்தை வாசித்தாள். "நல்லாத்தானே பாக்குறீங்க. ஆபரேசன் எதுக்கு?"

"நான்தான் எடம் சொல்லிக் குடுத்தேன்," என்றேன்.

"அப்படி இதுல எழுதலியே."

தொட்டவளுக்குச் சிகிச்சை தேவையில்லை. தொடாதவர்களுக்கு அனுமதியில்லை. பஸ் தாதியை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

மீனம்மா படிவத்தை என்னிடம் நீட்டினாள். "என்ன எழுதியிருக்கு தம்பி?"

வாசித்தேன்.

"முத்திர இருக்கா?"

"இருக்கு."

மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் அதைச் செல்லசாமியிடம் கொடுத்தாள். அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு அதையும் கூடையையும் கொடுத்தார். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது அவள் கூடையில் பாதிக்கு மேல் முற்றல். செல்லசாமி கூடையைப் பார்த்தார். அவள் நீட்டிய படிவத்தைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு எடையை எழுதினார்.