இரண்டு கட்டங்களுக்கு நடுவே

எங்கள் தெருவில் சித்திரக்கதை வரையும் படக்காரியின் முதல் புத்தகம் வெளிவந்த வாரத்தில், அவள் தம்பிக்கு வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே இருந்த தெரு இல்லாமல் போனது. மற்றவர்களுக்குத் தெரு அதே இடத்தில்தான் இருந்தது. பால் வண்டி போய்க்கொண்டிருந்தது, நாய் நடுரோட்டில் படுத்திருந்தது. அவனுக்கு மட்டும் இல்லை. வாசலில் செருப்பை மாட்டினான். மறு நொடி ஒரு உயரமான கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், கையில் ஸ்பேனரோடு நின்றான். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் தொழில். அன்றைக்கு முதல் ஆளாக வேலைக்கு வந்திருந்தான் என்பதால் சூப்பர்வைசர் அதைப் பற்றிக் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

காரணம் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. படக்காரி பல வருஷம் ஒரு சிறுவர் வாரப் பத்திரிகைக்குச் சித்திரக்கதை வரைந்தவள். அங்கே ஆசிரியர் வைத்ததுதான் சட்டம். பக்கத்துக்கு ஆறு கட்டம், ஆறிலும் ஏதாவது நடந்தாக வேண்டும். படியேறுவது, கதவைத் திறப்பது, சும்மா உட்கார்ந்திருப்பது எல்லாம் மை தண்டம், நடுவில் நடந்ததைக் கற்பனை செய்துகொள்வது வாசகன் பாடு என்பார். அவள் அதைக் கரைத்துக் குடித்திருந்தாள். வேலையை உதறிவிட்டு, சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, தானே வரைந்து தானே ஸ்டேப்ளர் அடித்துப் புத்தகம் போட ஆரம்பித்தபோதும் அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. கதாநாயகனாகத் தம்பியைப் போட்டாள். நில் என்றால் நிற்க, கூலி கேட்காமல் கிடைத்த ஒரே ஆள் அவன்தான். அவள் வரைந்ததால் அவன் அப்படி வாழ்ந்தானா, அவன் வாழ்ந்ததை அவள் வரைந்தாளா என்பதில் எங்கள் தெருவில் இரண்டு கட்சி உண்டு. எப்படியானாலும், கட்டங்களுக்கு நடுவே அவள் வெள்ளையாக விட்ட இடம் அவனுக்கும் வெள்ளையாகவே இருந்தது.

முதலில் அவனுக்கு அது பிடித்திருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருப்பதில்லை, பல்வலியை வரிசையில் உட்கார்ந்து அனுபவிப்பதில்லை. பொறாமைப்பட்டவர்கள்கூட உண்டு. அம்மாதான் முதலில் முணுமுணுத்தாள். "தட்டுல போட்டேன், கழுவி வச்சிட்டான். நடுவுல சாப்பிட்டத நான் கண்ணால பாக்கவே இல்ல." அவனைக் கேட்டால் வயிறு நிறைந்திருக்கிறது என்பான், என்ன சாப்பிட்டாய் என்றால் கழுவிய தட்டைத் திரும்பிப் பார்ப்பான். பிறகு அவனுக்குப் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவன் கையில், துணி சுற்றிய குழந்தை இருந்தது. அடுத்த கட்டத்தில் அவளுக்குப் பல் முளைத்திருந்தது. அதற்கடுத்ததில் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று அவன் மாடியேறி வந்து அக்காவின் மேஜை ஓரத்தில் நின்றான். "அக்கா, அவ அழுது நான் பாத்ததே இல்ல. சிரிக்கிறா, அப்புறம் தூங்குறா. இப்படியே போனா ஒருநாள் கதவத் திறப்பேன், அவ கல்யாணம் பண்ணிட்டுப் போயிருப்பா." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் படக்காரியின் மனதை அறுத்தது.

பேனாவை மூடி வைத்துவிட்டாள். கடைசிக் கட்டத்தில் தம்பி குளியலறை வாசலில் தோளில் துண்டோடு நின்றிருந்தான். நின்றவன் நின்றபடியே இருந்தான். நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தம்பி மனைவி மேலே வந்தாள். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க, வரைஞ்சிடுங்க. நிக்கிற மனுஷனச் சுத்திச் சுத்தி எத்தன நாள் வீடு கூட்டுறது?" மறுபடி பேனாவைத் திறந்தாள். இம்முறை எதையும் விடக்கூடாது என்று தபால்தலை அளவில் கட்டம் போட்டுப் பக்கத்தை நிரப்பினாள். மணிக்கட்டு வீங்கியது. தம்பி கெட்டுப்போன ட்யூப்லைட் மாதிரி விட்டுவிட்டுத் தெரிந்தான். பயன் அவ்வளவுதான்.

வழி கிடைத்தது ஒரு சட்டை கருகியதால். கீழ்க்கடைச் சலவைக்காரர் அவளுடைய ஒவ்வொரு புத்தகத்தையும் முதலில் வாங்கி, ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியும் மறு கையில் புத்தகமுமாகப் படிப்பவர். மடமடவென்று பக்கம் தள்ளுவார். ஒரு மத்தியானம், தம்பி குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிடும் கட்டத்தில் கண் நின்றுவிட்டது. மைத்துளி விழுந்ததை மறைக்கப்போய் அவள் வழக்கத்தைவிடப் பொறுமையாக வரைந்த கட்டம் அது. புகை வந்த பிறகுதான் அவர் தலை நிமிர்ந்தார். அவர் கருகிய சட்டையோடு படியேறிச் சண்டைக்கு வந்த அதே நேரத்தில், பின்னாலேயே தம்பியும் வந்தான். "அக்கா, இன்னைக்கு அவ மூக்கத் தொடச்சேன். உதறினா, கத்தினா, என் சட்டையிலேயே தொடச்சிக்கிட்டா. முழுசா இருந்தேன் அக்கா."

படிக்கிறவர் ஒரு கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறாரோ அவ்வளவு நேரம் தம்பி அதில் இருப்பான். படக்காரிக்கு அது புரிந்தது. கருகிய சட்டைக்குப் பதில் வேறு சட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, வரையக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். அதுவரை தனக்கு வரையத் தெரியாது என்று அவளே சொல்வாள். ஓட்டத்தைக் காட்டும் கோடுகளை நிறுத்தினாள். பேச்சுக் குமிழ்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். தூங்கும் குழந்தையின் தலை எவ்வளவு கனம், அந்தக் கனம் தாங்குகிற தோளில் எங்கே தெரியும் என்பதற்காக மாதக்கணக்கில் கிழித்துப் போட்டாள். கடையில் துணி மடிப்பவரின் கைகளையே வரைந்து வரைந்து, அவர் கூச்சப்பட்டுத் திரும்பி நின்று மடிக்கும்படி ஆயிற்று. எங்கள் தெருவில் பாடுபடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் இப்படிப் பாடுபட்டவளை நாங்கள் பார்த்ததில்லை. அவளை நினைத்தால் இன்றும் பெருமையாகத்தான் இருக்கிறது.

கடைசியில் புத்தகத்தில் ஒரு பக்கம் அப்படித்தான் உருவானது. முழுப் பக்கத்துக்கும் ஒரே கட்டம். வேலையிலிருந்து வந்த தம்பி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறான், பெண் அவன் நெஞ்சில் ஏறித் தூங்கிவிட்டாள். வலது கையில் இன்னும் ஸ்பேனர். கீழே வைத்தால் சத்தத்தில் விழித்துவிடுவாளோ என்று அதை அந்தரத்திலேயே பிடித்திருக்கிறான். பழைய பத்திரிகை ஆசிரியர் கேள்விப்பட்டு வந்து புரட்டிப் பார்த்தார். "எல்லாம் சரிம்மா. இதுல என்ன நடக்குது?" என்றார். "தூங்குறா சார்" என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு புத்தகத்தோடு படியிறங்கினார். பாதிப் படியில் உட்கார்ந்து மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தார். அவருக்குக் கொடுத்த டீ மேலேயே ஆறிப்போயிற்று.

புத்தகம் ஊர் ஊராகப் போனது. பஸ்ஸில் படித்த ஒரு பெண் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனாள், அதில் தம்பிக்கு ஒரு சாயங்காலம் கிடைத்தது. யாரோ ஒரு நோயாளி தலைமாட்டில் விரித்தே வைத்திருந்ததில் ஒரு மழைக்காலம் முழுவதும் கிடைத்தது. தம்பி தன் மகள் அழுததையும் பார்த்தான், அழுது முடித்து விக்கியதையும் பார்த்தான்.

அவள் வளர்ந்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். படக்காரி இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு வேறு ஆட்களை வரைகிறாள். அதனால் தம்பி தெருவில் நடந்துபோய், பஸ்ஸுக்குக் காத்திருந்து வேலைக்குப் போகிறான். ஆனாலும் சில நாள், அவன் வேலை பார்க்கும் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள், "யாரோ புத்தகத்துல அந்தப் பக்கத்தப் பாக்குறாங்க போல" என்று பையைக் கீழே வைத்துவிட்டு நிற்பார்கள். "அவன் பொண்ணாத்தான் இருக்கும், இன்னைக்கு லீவு நாளாச்சே" என்பார் ஒருவர். மேலே மோட்டார் அறையில் அவன் சுவரில் சாய்ந்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, நெஞ்சில் ஒரு கை வைத்து, மறு கையில் ஸ்பேனரை அந்தரத்தில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். அவன் ஸ்பேனரைக் கீழே வைக்கும்வரை லிஃப்டில் யாரும் மணியை அழுத்துவதில்லை.