கட்டில் கழுவுகிறார்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் காலியாக இருந்தது ஒரே ஒரு கட்டில். அதை யாருக்குக் கொடுப்பது என்பது அன்று பணியிலிருந்த டாக்டரம்மாவின் பொறுப்பு. யார் உயிர் ஊசலாடுகிறதோ அவருக்குத்தான் முதலில். மாணவர்களுக்கு இதைத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுக்கிறவளே அவள்தான்!

கைபேசி அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, அப்பாவுக்கு நெஞ்சு படபடன்னு வருதாம். கூட்டிட்டு வர்றோம். ஒரு கட்டில் பிடிச்சு வைங்க."

"முதல்ல கீழ எமர்ஜென்சியில காட்டுங்க. பார்த்துட்டுத்தான்..."

"உங்களைப் பெத்த அப்பாவா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

சுருக்கென்று தைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நல்ல பேர் வாங்கப் படாத பாடு பட்டவள். "சரி, வாங்க" என்று சொல்லித் தொலைத்தாள்.

போனை வைத்த சூட்டோடு கீழே எமர்ஜென்சியிலிருந்து அழைப்பு. இளம்பெண்ணாம், ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போகிறதாம், கட்டில் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

கிருமிநாசினி போட்டுக் கழுவி முடிக்கும்வரை ஒரு கட்டிலை யாரும் கேட்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். எப்பேர்ப்பட்ட சிபாரிசும் 'கழுவுகிறார்கள்' என்ற சொல்லைக் கேட்டால் வாயை மூடிக்கொள்ளும். அதுதான் அவள் வாயில் வந்தது.

"கழுவிக்கிட்டிருக்காங்க. கொஞ்சம் பொறுங்க."

காலையிலேயே கழுவியாகிவிட்டது. பக்கத்தில் நின்ற சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் ஒருத்தன் கதவைத் தட்டினான். அந்தப் பெண்ணின் புருஷன். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தான்.

"அம்மா, கட்டில் கழுவுறாங்கன்னு கீழ சொன்னாங்க. ஆள் பத்தலைன்னா நானும் கூட நின்னு கழுவுறேன்மா. சீக்கிரம் முடிஞ்சிடும். அவளுக்கு மூச்சு முட்டுது."

டாக்டரம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. சீ, நானும் ஒரு மனுஷியா! அவன் பார்வை அவளைத் தாண்டி, விரிப்பு கசங்காமல் கிடந்த கட்டிலுக்குப் போனது. திட்டட்டும், நாலு அறை கூட அறையட்டும் என்று நின்றாள்.

"அடடே, முடிச்சிட்டீங்களா! நீங்க நல்லா இருக்கணும்மா!"

அவள் அப்போதே கீழே கூப்பிட்டு, பெண்ணை ஏற்றிவிடச் சொன்னாள். நாத்தனாரிடம், "இங்க இடமில்லை, அப்பாவைக் கீழ காட்டுங்க, நான் இறங்கி வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்தாள்.

தள்ளுவண்டி வந்தது. புருஷன் மனைவியின் காதருகே குனிந்தான். "பயப்படாதே. டாக்டரம்மா உனக்காக அவசர அவசரமா கழுவி வச்சிருக்காங்க."

அந்த மூச்சிரைப்பிலும் அவள் கும்பிடக் கையைத் தூக்கப் பார்த்தாள். டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்துப் படுக்கையோடு அழுத்திக்கொண்டாள். "வேண்டாம்மா" என்றாள்.